கணினிக் கேள்வி பதில்: மெயில் சேர்வருக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி

சென்ற இதழில் டொமெயின் பெயர் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். உடனே "அடுத்தது மெயில்" என்று கடிதங்கள் வந்துவிட்டன. பிரின்டர், போன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணை, நாங்கள் அறிவியல் நகரில் படிக்கும் நண்பர்கள். சொந்தமாக மெயில் சேர்வர் (மெயிலை வாங்கி, வைத்திருந்து, அனுப்பும் கணினி) அமைப்பது எப்படி என்று, ஒன்றும் தெரியாத ஆளுக்கும் விளங்குகிற மாதிரித் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதப் போகிறோம். 24 அத்தியாயம் திட்டமிட்டிருக்கிறோம். மின்னஞ்சலின் வரலாறு, லினக்ஸ் அறிமுகம், போஸ்ட்பிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்), டவ்கொட் (வந்த மெயிலைப் போனிலும் கணினியிலும் வாசிக்கத் தரும் மென்பொருள்), டேட்டாபேஸ், வெப்மெயில், ஸ்பாம் தடுப்பு என்று போகிறது. வரிசை சரியா?
(மாணவர், கிளிநொச்சி)

பதில்: தம்பி, அட்டவணையைப் பார்த்தேன். பாடநூலுக்கு நல்ல அட்டவணை. ஆனால் இதைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஆள், தன் சேர்வருக்கு ஒரு மெயில் வந்து சேர்வதைக் கண்ணால் காண எத்தனையாவது அத்தியாயம் வரை போக வேண்டும்? நான் எண்ணிப் பார்த்த அளவில் ஒன்பது. அவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள்.

மென்பொருட்களின் பெயரை எடுத்து வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். புதியவருக்குப் போஸ்ட்பிக்ஸ் யார், டவ்கொட் யார் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது மெயில் வரும், வாசிக்கலாம், அனுப்பலாம் என்பதுதான். அந்த வரிசையிலேயே எழுதுங்கள். முதலில் வரவு. பிறகு வாசிப்பு. அனுப்புவது கடைசி. ஏனென்றால் மெயிலை வாங்கி வைப்பதற்கு வெளியில் யாரும் உங்களை நம்பத் தேவையில்லை. அனுப்புவதற்குத்தான் ஜீமெயில்காரன் நம்ப வேண்டும். லேசான வேலையில் ஒரு வெற்றியைக் காட்டிவிட்டுக் கஷ்டத்துக்குக் கூட்டிப் போனால் ஆள் நிற்பார். 1971இல் ரே டொம்லின்சன் முதல் மெயில் அனுப்பிய கதை நல்ல கதைதான். அதைப் பின்னிணைப்பில் போடுங்கள்.

வரவுப் பகுதிக்கு என்ன வேண்டும்? டொமெயினில் சேர்வரின் ஐபி முகவரியை (இணையத்தில் அதன் எண்ணை) சொல்லும் ஒரு ஏ பதிவு, "இந்த டொமெயினின் மெயில் இந்த சேர்வருக்கு" என்று சொல்லும் ஒரு எம்எக்ஸ் பதிவு, சேர்வரில் போஸ்ட்பிக்ஸ், திறந்திருக்கும் 25ஆம் போர்ட் (போர்ட் என்பது சேர்வரின் எண் போட்ட கதவு). அவ்வளவுதான். பயனர்களை டேட்டாபேஸில் வைக்கிற கதையை இங்கே இழுக்காதீர்கள். முதல் சேர்வரில் இருக்கப் போவது இரண்டு மூன்று பேர். அவர்களுக்குச் சாதாரண லினக்ஸ் கணக்கே போதும்.

இந்தப் பகுதியில் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். என் வகுப்பில் பிள்ளைகள் மிகவும் விரும்புவதும் அதைத்தான். மெயில் ஆப் ஏதும் இல்லாமல், கையால் தட்டி ஒரு மெயிலைக் கொடுப்பது. சேர்வருக்குள் இருந்துகொண்டே 25ஆம் போர்ட்டோடு இணைந்தால், அது முதலில் பேசும்: 220 என்று தொடங்கி, தன் பெயரைச் சொல்லும். நீங்கள் ஹெலோ என்று தட்டி உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எல் மட்டும். இரண்டு எல் போட்டால் விளங்கவில்லை என்று சொல்லிவிடும். அது 250 என்று பதில் தரும். யாரிடமிருந்து என்று சொன்னால் மறுபடி 250. யாருக்கு என்று சொன்னாலும் 250. டேட்டா என்று தட்டினால் 354 வரும்: "எழுது, முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வை." கடிதத்தை எழுதி, கடைசியில் தனி வரியில் புள்ளி வைத்து என்டர் தட்டினால் 250, வரிசையில் எடுத்துக்கொண்டேன் என்று வரும். 1982இல் ஜோன் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் இருக்கும் அதே உரையாடல்தான். கனடாவில் இருக்கிற மாமா அனுப்பும் மெயிலும் இதே நாலு வார்த்தை பேசித்தான் உள்ளே வருகிறது.

இதை ஒருமுறை கையால் செய்தவருக்கு லொக் கோப்பை (நடந்ததையெல்லாம் சேர்வர் எழுதி வைக்கும் கோப்பை) பார்த்துப் பயம் வராது. எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே போதும் என்று எழுதுங்கள். 2 என்றால் சரி. 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் முடியவே முடியாது, திரும்பிப் போ. 450 வந்ததும் சேர்வரை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற பிள்ளைகள் உண்டு. முன்பின் தெரியாத சேர்வரைச் சில நிமிடம் காக்க வைப்பது பல இடங்களில் வழக்கம். அதைத்தான் கிரேலிஸ்டிங் என்கிறார்கள். போஸ்ட்பிக்ஸ் தானாகவே மறுபடி முயலும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் மெயில் போயிருக்கும்.

வாசிப்புப் பகுதி சின்னது. டவ்கொட், 993ஆம் போர்ட், இணைப்பைப் பாதுகாக்க ஒரு சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது, 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பிக்கும்படி வைக்கலாம். ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்: சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டாலும் டவ்கொட்டை ரீலோட் செய்யும் வரை அது பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் ஓடுகிறது என்று நினைத்திருக்கும்போது, மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் எல்லாருடைய போனிலும் எச்சரிக்கை வருவது இதனால்தான்.

அனுப்பும் பகுதியில் இரண்டு கதவு உண்டு. போனும் கணினியும் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து வருவது 587 அல்லது 465. சேர்வரும் சேர்வரும் பேசுவது 25. இதைக் குழப்பினால்தான், தெரியாத எவனும் உங்கள் சேர்வர் வழியாக ஊருக்கெல்லாம் ஸ்பாம் அனுப்பும் நிலை வரும். போஸ்ட்பிக்ஸ் நிறுவியவுடன் பத்திரமாகத்தான் இருக்கும். அனுப்ப முடியவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, மைநெட்வொர்க்ஸ் வரியில் (கடவுச்சொல் கேட்காமல் நம்ப வேண்டிய முகவரிகளை எழுதும் இடம்) உலகம் முழுவதையும் சேர்த்துவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் பிழை நடக்கிறது. எனவே இந்தப் பகுதியின் கடைசியில் ஒரு சோதனை வையுங்கள். வெளியிலிருந்து, கடவுச்சொல் இல்லாமல், வேறொரு டொமெயினுக்கு மெயில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 454 அல்லது 554 என்று மறுத்தால் நல்லது. சேர்வருக்குள் இருந்து சோதித்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டும்; அதை நம்பக்கூடாது.

ஜீமெயிலை நம்ப வைக்கும் வேலை, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், இதெல்லாம் தனிப் பகுதி. கீழே முல்லியவளை அக்காவின் கடிதத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஒவ்வொரு படி முடியும் இடத்திலும் "இப்போது இது தெரிய வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே "தெரியவில்லை என்றால்" என்று, அதிகம் நடக்கும் பிழைகள் மட்டும். உதாரணம்: டொமெயின் விற்கும் பல தளங்களில் பெயர்ப் பெட்டியில் "மெயில்" என்று மட்டும் போட்டால் போதும், மிச்சத்தைத் தளமே ஒட்டிக்கொள்ளும். புதியவர் முழுப் பெயரையும் போடுவார். டொமெயின் பெயர் இரண்டு தரம் ஒட்டி ஒரு வால் நீண்ட பதிவு உருவாகும். மெயில் வராது, ஏன் என்றும் தெரியாது. இந்த மாதிரி இடங்களைச் சேர்க்கச் சேர்க்கத்தான் உங்கள் வழிகாட்டிக்குப் பெறுமதி. கட்டளைகளை எங்கேயும் எடுக்கலாம்.

உதாரணத்துக்கு எவருடைய உண்மையான டொமெயினையும் போடாதீர்கள். அப்படியே தட்டி விடுவார்கள், அந்த மனிதருக்கு மெயில் போய்க்கொண்டே இருக்கும். எக்ஸாம்பிள் டாட் கொம் என்ற பெயரை 1999இலேயே இதற்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஐபி முகவரிக்கு 203.0.113 என்று தொடங்கும் வரிசை இருக்கிறது. அதுவும் எடுத்துக்காட்டுக்கு மட்டும்.

முதல் பக்கத்திலேயே திகதியும் பதிப்பு எண்களும் இருக்க வேண்டும். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12ஆம் பதிப்பில் வருவது டவ்கொட் 2.3. டெபியன் 13இல் வருவது 2.4. இரண்டுக்கும் அமைப்புக் கோப்பு எழுதும் முறையே வேறு. பழைய வழிகாட்டியைப் பார்த்துப் புதிய டவ்கொட்டுக்கு எழுதினால் அது தொடங்கவே தொடங்காது. எந்தப் பதிப்பில் செய்து பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள். வேறு பதிப்பு என்றால் இங்கேயே நில் என்றும் சொல்லுங்கள். எல்லா லினக்ஸுக்கும் சேர்த்து எழுத ஆசைப்பட வேண்டாம். ஒன்றே ஒன்றுக்கு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து, வழிகாட்டியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் இருங்கள். வாயைத் திறக்கக்கூடாது. அது கஷ்டம்தான், நீங்கள் நாலு பேர் வேறு. பிள்ளை எங்கே நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதோ அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளைத்தான் திருத்தி எழுத வேண்டும்.

கேள்வி: வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டொப் சும்மா கிடக்கிறது. சிம் போட்ட 4ஜி ரவுட்டரும் இருக்கிறது. இதிலேயே மெயில் சேர்வர் போடலாமா அண்ணை? அடிக்கடி கரண்ட் போவதுதான் பயமாக இருக்கிறது.
(வாசகர், விசுவமடு)

பதில்: கரண்ட் பயத்தை விடுங்கள். உங்கள் சேர்வர் படுத்திருந்தால் அனுப்புகிற சேர்வர் மெயிலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்பிக்ஸ் வழமையாக 5 நாள் வரை விடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாளில்கூட இதனால் ஒரு மெயிலும் தொலைந்திருக்காது. பிந்தி வந்திருக்கும், அவ்வளவுதான்.

தடை வேறு இடத்தில். சிம் ரவுட்டருக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. ஒரே முகவரிக்குப் பின்னால் நிறைய வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். வெளியில் இருப்பவன் உங்கள் 25ஆம் போர்ட்டைத் தட்டவே முடியாது. முகவரி கிடைத்தாலும் மாறிக்கொண்டிருக்கும். வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கும் ஐபி வரிசைகளை "இங்கிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது" என்று ஸ்பாம்ஹவுஸ் என்ற ஸ்பாம் தடுப்பு அமைப்பு ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து நிறைய சேர்வர்கள் கதவைச் சாத்திவிடும். ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவையும் நீங்கள் வைக்க முடியாது. ஐபிக்குச் சொந்தக்காரன்தான் வைக்க வேண்டும்.

ஆகவே மாத வாடகைக்கு ஒரு சின்ன சேர்வர் எடுப்பதுதான் வழி. காசு கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: வெளியே போகும் 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, பிடிஆர் பதிவு வைக்கலாமா. கூகுள் கிளவுடில் 25 வெளியே போகாது. அமேசானில் விண்ணப்பம் போட்டுத் திறக்க வேண்டும். டெஸ்க்டொப்பை எறிய வேண்டாம். அதில் லினக்ஸ் போட்டு, மேலே சொன்ன 220, 250 உரையாடலை வீட்டுக்குள்ளேயே பழகலாம். ஃபேனில் இருக்கிற புழுதியைத் தட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கிளிநொச்சித் தம்பிமாருக்கு: இந்தப் பதில் உங்கள் வழிகாட்டியின் முதல் பக்கத்தில் வர வேண்டியது. எல்லாவற்றையும் நிறுவி முடித்த பிறகு 25 அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் ஆள் உங்களைத் திட்டுவார். திட்டட்டும், நியாயம்தான்.

கேள்வி: தம்பி, நான் ஒரு பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் பெயரில் டொமெயின் வாங்கி மெயிலும் வைத்திருக்கிறோம். ஆனால் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு நான் அனுப்பும் கடிதம் எல்லாம் ஸ்பாமுக்குள் போகிறதாம். "எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்று போனில் சண்டை. சொந்த சேர்வர் போட்டால் சரிவருமா?
(வாசகி, முல்லியவளை)

பதில்: அக்கா, சொந்த சேர்வர் வேண்டவே வேண்டாம். போட்டால் சண்டை இன்னும் கூடும். இருக்கிற மெயிலிலேயே சரிப்பண்ணலாம்.

கணினியில் ஜீமெயில் பாவிக்கும் ஒரு பிள்ளையிடம், உங்கள் கடிதத்தைத் திறந்து மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, மூல மெயிலைக் காட்டும் தெரிவுக்குப் போகச் சொல்லுங்கள். போன் ஆப்பில் அது இல்லை. அங்கே மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரி இருக்கும். மூன்றுக்கும் நேரே பாஸ் என்று வர வேண்டும். எது வரவில்லையோ அதுதான் நோய்.

எஸ்பிஎஃப் என்பது "என் டொமெயின் பெயரில் மெயில் அனுப்ப இன்னின்ன சேர்வருக்குத்தான் உரிமை" என்று டொமெயினில் எழுதி வைப்பது. ஒரு டொமெயினுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். ஹோஸ்டிங்காரன் ஒன்று, இன்னொருவர் ஒன்று என்று இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. உங்கள் விஷயத்தில் முதலில் இதைப் பாருங்கள். டிகிம் ஒவ்வொரு கடிதத்திலும் சேர்வர் போடும் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் சாவி டொமெயினில் இருக்கும். 2048 பிட் சாவி நீளமானது, ஒரு துண்டுக்கு 255 எழுத்துக்கு மேல் ஏற்காது, துண்டாக்கிப் போட வேண்டும். வெட்டி ஒட்டும்போது பாதி விடுபட்டுப் போவது அதிகம். டிமார்க், இந்த இரண்டும் தேறாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்லும் வரி. முதலில் "ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வையுங்கள்.

கூகுளும் யாகூவும் 2024 பெப்ரவரி முதல் எல்லாரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது கேட்கிறார்கள். ஜீமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புகிறவர் மூன்றும் வைத்திருக்க வேண்டும். சங்கத்துக்கு அந்தக் கணக்கு வராது, என்றாலும் மூன்றையும் வையுங்கள். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் பெரும்பாலும் ஒரு பொத்தானில் முடியும். எல்லாரையும் ஒரே கடிதத்தில் அடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். பிள்ளைகளிடம் உங்கள் முகவரியைத் தொடர்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மெயில் இன் எ பொக்ஸ், மெயில்கௌ என்று எல்லாம் சேர்த்து ஒரேயடியாக நிறுவித் தரும் தொகுப்புகள் இருக்கும்போது, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுப்பது வீண் வேலை இல்லையா?
(வாசகர், மல்லாவி)

பதில்: நாளைக்கே ஒரு அலுவலகத்துக்கு மெயில் வேண்டும் என்றால் தொகுப்பைப் போடுங்கள். நானும் அதைத்தான் சொல்வேன். மெயில் இன் எ பொக்ஸ் வேறெதுவும் இல்லாத புது சேர்வர் கேட்கும். மெயில்கௌ நினைவகத்தை நிறையத் தின்னும், மலிவான சேர்வரில் மூச்சு முட்டும். ஆனால் பிடிஆர், 25ஆம் போர்ட், ஜீமெயிலின் கோபம் எதையும் தொகுப்பு உங்களுக்காகத் தீர்த்து வைக்காது. அவை சேர்வருக்கு வெளியே இருக்கிற பிரச்சினைகள். ஒருமுறையாவது கையால் செய்தவர் தொகுப்பு நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்று அறிவார்.

கேள்வி: சேர்வரில் இருக்கும் மெயிலுக்கு என்ன பாதுகாப்பு? ஹோஸ்டிங்காரன் மூடிவிட்டுப் போனால்?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்து கச்சேரிக்கு அலைந்த சனம் நாங்கள். பேக்கப் ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எப்படி என்று மட்டும் சொல்கிறேன். மெயில் கோப்புறை, போஸ்ட்பிக்ஸ், டவ்கொட் அமைப்புக் கோப்புகள், டிகிம் தனிச் சாவி, டொமெயின் பதிவுகளின் ஒரு நகல். இவை தினமும் வேறொரு நிறுவனத்தின் இடத்துக்கோ வீட்டு டிஸ்க்குக்கோ போக வேண்டும். அதே நிறுவனத்தின் இன்னொரு சேர்வரில் வைப்பது பேக்கப் ஆகாது. டொமெயின் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்கட்டும். ஹோஸ்டிங்காரனுடைய கணக்கில் இருந்தால் அவனோடு சேர்ந்து அதுவும் போகும். டொமெயின் கையில் இருந்தால் எம்எக்ஸ் பதிவை மாற்றி ஒரே நாளில் வேறு இடத்தில் மெயில் வாங்கத் தொடங்கலாம்.

கேள்வி: மெயில் முகவரி முழுவதும் தமிழிலேயே இருக்க முடியுமா?
(வாசகர், செட்டிகுளம்)

பதில்: முடியும். இலங்கைக்கு .இலங்கை என்ற தமிழ் முடிவே இருக்கிறது. முகவரியின் முன்பாதியும் தமிழில் வருவதற்கான விதிமுறை 2012இல் வந்தது. போஸ்ட்பிக்ஸ் 3.0 முதல் அதை ஏற்கிறது. ஜீமெயில் 2014 முதல் அப்படிப்பட்ட முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து வாங்கவும் செய்கிறது. ஆனால் வங்கி, அரசாங்க அலுவலகம் என்று நிறையப் படிவங்கள் தமிழ் எழுத்தைக் கண்டதும் "முகவரி பிழை" என்று துள்ளும். ஆகவே அதே பெட்டிக்கு ஆங்கில எழுத்தில் இன்னொரு முகவரியும் வைத்துக்கொள்ளுங்கள். கார்ட் அடிப்பதாக இருந்தால் இரண்டையும் போடச் சொல்லுங்கள்.